கண்ணுக்குத் தெரியாத கமிஷனர்கள்

ஆன்லைன் ரோல்பிளே உலகங்களை ஆளும் கேம் மாஸ்டர்கள்: யார் இவர்கள், எவ்வளவு அதிகாரம், யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

இப்படி ஒரு வழக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடையைக் கொள்ளையடித்த நான்கு பேர் காரில் தப்புகிறார்கள். பின்னால் போலீஸ். ஒரு வளைவில் போலீஸ் ஜீப் காரின் பக்கவாட்டில் இடிக்கிறது, கார் உருள்கிறது, ஓட்டியவர் இறந்துபோகிறார். சற்று நேரத்தில் அதே ஆள் மருத்துவமனையில் கண்விழித்து, நேராகச் சம்பவ இடத்துக்கு வந்து, தன்னை இடித்த போலீஸ்காரரைத் தேடிப்பிடித்துச் சுடுகிறார்.

நடப்பது 'ஜிடிஏ 5' விளையாட்டின் ரோல்பிளே சர்வர் ஒன்றில். போலீஸாக நடித்தவர் ஆவடியில் ஒரு கல்லூரி மாணவராக இருக்கலாம். கொள்ளையராக நடித்தவர் அம்பத்தூரில் ஷிஃப்ட் முடித்து வந்த இளைஞராக இருக்கலாம். அடுத்த நிமிடமே சர்வரின் புகார்ப் பகுதியில் இரண்டு டிக்கெட்டுகள் விழும். வண்டியை ஆயுதமாக்கிக் கொன்றார் என்பது ஒன்று. செத்தவர் பழைய நினைவோடு வந்து பழிவாங்கினார் என்பது இன்னொன்று. ரோல்பிளே விதிப்படி இரண்டுமே குற்றம். வீடியோ பதிவைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, அந்த இரவே தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கேம் மாஸ்டர். ஜிஎம், அட்மின், ஸ்டாஃப் என்று சர்வருக்கு சர்வர் பெயர் மாறும், வேலை மாறாது.

பல நூறு பேர் கூடும் ஓர் உலகத்தில் யார் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும், எது நடந்ததாகக் கொள்ளப்படும், எது நடக்கவே இல்லை என்று அழிக்கப்படும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் இவர்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பல நேரம் வயதும் இருபதைச் சுற்றித்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் மாலையும் இரவும் செலவிடும் இடத்தின் ஆட்சியாளர்கள் இவர்கள் என்பதால், அந்த ஆட்சி எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

சென்னையின் மேற்கில் ஒரு மாற்றம்

அம்பத்தூர் என்றால் ஒரு தலைமுறைக்கு சைக்கிள். ஆவடி என்றால் பீரங்கி வண்டி. 1960-களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தபோது, இந்தப் பகுதியின் எதிர்காலம் இரும்பில்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதியில் டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. ஜப்பானின் என்டிடி நிறுவனம் 2023-ல் இங்கே ஒரு வளாகத்தைத் திறந்தது. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போகும் 'மிஸ்ட்' கடலடிக் கேபிளோடு இணைவதையும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட வளாகம் அது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை பொறியியல் கல்லூரிகள்; வீட்டுக்கு வீடு ஃபைபர் இணைப்பு. கணினியோடு வளரும் ஒரு தலைமுறைக்கு இந்தப் புறநகர் எல்லா வசதியையும் செய்து கொடுத்திருக்கிறது.

அந்தத் தலைமுறை விரும்பும் பொழுதுபோக்குகளில் ஒன்று ரோல்பிளே. 2013 செப்டம்பரில் வெளியான ஜிடிஏ 5-ஐ, 'ஃபைவ்எம்' என்ற மென்பொருளின் துணையோடு யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த சர்வரில் நடத்தலாம். அந்த மென்பொருளை உருவாக்கிய குழுவை, விளையாட்டின் உரிமையாளரான ராக்ஸ்டார் நிறுவனமே 2023 ஆகஸ்டில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தமிழில் பேசி ஆடும் சர்வர்களும் உண்டு. அவற்றில் நடக்கும் கதைகளை யூடியூபில் நேரலையாகப் பார்க்க ஒரு கூட்டமே இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், மெக்கானிக், வக்கீல், தாதா, டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்து மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். வெற்றி, தோல்வி, கடைசிக் கட்டம் எதுவும் கிடையாது. கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

முடிவே இல்லாத கதைக்குக் காவல் வேண்டும். விதியை உடைப்பவர் ஒருவர் வந்தாலும் நூறு பேரின் பல நாள் கதை நொறுங்கிப்போகும். கேம் மாஸ்டர் தேவைப்படுவது அங்கேதான்.

ரோல்பிளே சர்வரில் அடிக்கடி கேட்கும் சொற்கள்

ஐசி, ஓஓசி: பாத்திரமாகப் பேசுவது ஐசி; ஆட்டக்காரராக வெளியே பேசுவது ஓஓசி.
ஆர்டிஎம்: கதையில் எந்தக் காரணமும் இல்லாமல் கண்டவரைச் சுடுவது.
விடிஎம்: வண்டியை ஆயுதமாக்கி மோதிக் கொல்வது.
மெட்டா கேமிங்: நேரலையிலோ டிஸ்கார்ட் அரட்டையிலோ தெரிந்துகொண்டதைத் தன் பாத்திரத்துக்குத் தெரிந்ததுபோல் பயன்படுத்துவது.
பவர் கேமிங்: எதிராளி பதில் செய்ய இடமே கொடுக்காமல், நடக்க முடியாததை நடத்திக் காட்டுவது.
என்எல்ஆர்: இறந்து எழுந்த பாத்திரம், சாவுக்கு முன் நடந்ததை மறந்துவிட வேண்டும் என்ற புது வாழ்வு விதி.

கையில் இருக்கும் கருவிகள்

ஃபைவ்எம் சர்வர்களை நடத்தப் பரவலாகப் பயன்படும் 'டிஎக்ஸ் அட்மின்' கருவியைத் திறந்து பார்த்தால் இந்த அதிகாரத்தின் அளவு புரியும். எச்சரிக்கை கொடுக்கலாம், வெளியே தள்ளலாம், சில மணி நேரத்துக்கோ நிரந்தரமாகவோ தடை போடலாம். எந்த ஆட்டக்காரரின் ஆட்டத்தையும் அவருக்குத் தெரியாமல் கவனிக்கலாம். சுவரைத் துளைத்துப் பறக்கலாம், சாகாவரம் பெறலாம், யாரையும் நின்ற இடத்தில் உறையவைக்கலாம், தன் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாம், செத்தவரை எழுப்பலாம், வண்டியை வரவழைக்கலாம். ஒருவரைத் தீப்பிடிக்க வைப்பது, போதையேறியவர்போலத் தள்ளாட வைப்பது போன்ற குறும்புப் பொத்தான்களும் அதே கருவியில் இருக்கின்றன. நீதிபதிக்கும் குறும்புக்காரருக்கும் ஒரே திரைதான்.

ஆனால் அதே கருவியில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. எந்த அட்மினுக்கு எந்த அதிகாரம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் செய்த ஒவ்வொரு செயலும் பதிவேட்டில் ஏறும். அதிகாரத்தையும் அதற்கான கடிவாளத்தையும் சேர்த்தேதான் கருவி தருகிறது. கடிவாளத்தைப் பிடிப்பதும் விடுவதும் சர்வர் உரிமையாளரின் மனசைப் பொறுத்தது.

தண்டிப்பது இந்த வேலையின் ஒரு பாதி. மறு பாதி கதையை வளர்ப்பது. நகரத்தில் திடீரென மின்சாரம் போனால் என்ன ஆகும், தேர்தல் வந்தால் யார் நிற்பார்கள், இரண்டு கும்பல்களுக்கு நடுவே சமாதானம் பேச யார் வருவார்கள் என்று நிகழ்வுகளைத் தூவிவிடுவார் கேம் மாஸ்டர். புதிதாக வந்து யாரோடும் பேசத் தயங்கி நிற்பவரை ஒரு கதைக்குள் இழுத்து விடுவார். நல்ல கேம் மாஸ்டரை ஆட்டக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது அவர் போட்ட தடைகளுக்காக அல்ல, அவர் திறந்துவிட்ட கதைகளுக்காக.

வட தமிழ்நாட்டின் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டை வேலை புதிதாகத் தோன்றாது. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே காஞ்சிபுரம் வரை திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியேயும் இருப்பான். துரியோதனனிடம் 'நீர் யார்' என்று கேட்டு அவனை அறிமுகம் செய்வான். அடுத்த நொடியே ஜனங்கள் பக்கம் திரும்பி நடப்பதை விளக்குவான். அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரைச் சொல்வான். ஆள் குறைந்தால் ஒரு பாத்திரத்தையும் ஏற்பான். அவ்வளவு சுதந்திரம் இருந்தும் போரில் யார் ஜெயிப்பது என்பதை அவன் மாற்றுவதில்லை. அந்த எல்லை அவனுக்கும் தெரியும், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்கும் தெரியும்.

மந்திரவாதிகள் விலகிய கதை

கேம் மாஸ்டர் என்ற பொறுப்பு கணினிக்கு வெளியே பிறந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் கதை சொல்பவராகவும் நடுவராகவும் இருப்பார். எல்லோரும் ஒரே அறையில் இருந்ததால் அவர் அநியாயம் செய்தால் எழுந்து போய்விடலாம். முகத்துக்கு நேராகக் கேட்கலாம்.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற எழுத்து வடிவ விளையாட்டில், போதிய புள்ளி சேர்த்தவர்கள் மந்திரவாதிகள் ஆனார்கள். மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முகம் தெரியாத ஒருவர் மற்றவரின் இருப்பையே கையில் வைத்திருக்கும் நிலை அங்கே தொடங்கியது.

அந்த அதிகாரத்தை என்ன செய்வது என்ற கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது 'லாம்டாமூ'. ஜெராக்ஸ் ஆய்வு மையத்தின் பேவல் கர்ட்டிஸ் நடத்திய உலகம் இது. சண்டை சச்சரவுகளைத் தீர்த்துத் தீர்த்து அலுத்த மந்திரவாதிகள், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள்: இனி நாங்கள் கருவிகளைப் பராமரிப்பவர்கள் மட்டுமே, சமூகத் தகராறுகளில் தலையிட மாட்டோம். 1993-ல் ஒரு பயனர், பொது இடத்தில் மற்ற பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறைக் காட்சிகளை எழுதி ஏவினார். பாதிக்கப்பட்டவர்கள் நீதி கேட்டார்கள். கூட்டம் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாகவே முடிவெடுத்து அந்தக் கணக்கை அழித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜூலியன் டிபெல் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் உலகம் முழுக்க இது பேசப்பட்டது.

இதன் பிறகு லாம்டாமூவில் மனு கொடுத்து வாக்கெடுக்கும் முறை வந்தது. 1996-ல் மந்திரவாதிகள் மறுபடியும் அறிவித்தார்கள்: தொழில்நுட்ப முடிவு வேறு, சமூக முடிவு வேறு என்று பிரிக்க முடியவில்லை, எங்கள் கை எல்லாவற்றிலும் இருக்கத்தான் செய்கிறது. அதிகாரம் உள்ளவர் ஒதுங்கி நின்றால் அதிகாரம் மறைந்துவிடாது. பொறுப்பு மட்டும்தான் மறையும். நான்கே ஆண்டுகளில் அந்தச் சின்ன உலகம் கற்ற பாடம் இது.

நடுவரே ஆட்டக்காரர் ஆனால்

பெரிய நிறுவனங்களும் அடிபட்டுத்தான் கற்றன. 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் சம்பளம் வாங்கும் கேம் மாஸ்டர்களோடு, புதியவர்களுக்கு உதவ 'கவுன்சலர்' என்ற தன்னார்வலர்களும் இருந்தார்கள். 2000-ல் அவர்களில் சிலர், நாங்கள் செய்தது ஊழியர் வேலைதான், கூலி கொடுங்கள் என்று அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' சந்தித்தது வேறு வகைச் சிக்கல். நிறுவன ஊழியர் ஒருவர், தான் ஆட்டக்காரராகச் சேர்ந்திருந்த கூட்டணிக்கு அரிய கப்பல் வடிவமைப்பு உரிமங்களை ஏற்பாடு செய்துகொண்டது 2007-ல் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் ஊழியர்களைக் கண்காணிக்க உள் விசாரணைப் பிரிவு அமைத்தது. ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்றை 2008-ல் உருவாக்கியது. அந்தத் தேர்தல் தொடர்ந்து நடந்து வருகிறது.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற இந்த விதியை நம் உச்ச நீதிமன்றம் 1969-லேயே ஏ.கே.கிரைபக் வழக்கில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. வனத்துறைத் தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி, அதே பதவிக்குத் தானும் போட்டியிட்டார். தன் பெயர் வந்தபோது அவர் விலகி இருந்தார். அது போதாது என்று நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. நடுவர் நாற்காலியில் இருக்கும் அட்மின், அதே சர்வரில் ஒரு கும்பலின் தலைவராகவும் ஆடினால் நிலைமை அச்சு அசலாக இதுதான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். எதிர்க் கும்பலுக்கு விழும் ஒவ்வொரு தடையும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

நிறுவனத்திடமிருந்து அண்ணனிடம்

இந்தியாவுக்கு இந்த வகை விளையாட்டுகள் 2000-களின் நடுவில் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் கொரியாவின் 'ஏ3' விளையாட்டைக் கொண்டுவந்தது. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய காலம். அப்போது கேம் மாஸ்டர் நிறுவனத்தின் ஆள். புகார் இருந்தால் நிறுவனத்திடம் போகலாம்.

இன்றைய தனியார் ரோல்பிளே சர்வரில் கேம் மாஸ்டர் பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கலாம். ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்கிறார்கள், 'ப்ரோ' என்கிறார்கள். தமிழ் சர்வர்களின் அழகே அந்த உறவுதான். படிப்பு, வேலை, வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் நள்ளிரவில் அண்ணனிடம் கொட்டும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அண்ணன் என்று அழைத்த வாய்க்கு, அண்ணனின் தீர்ப்பைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றிவிடுகிறது. தடை ஏன் என்று கேட்டால் 'அட்மினையே எதிர்த்துப் பேசுறியா' என்ற பதில் வரும் சர்வர், தன் பாசத்தையே ஆயுதமாக்கிக்கொள்கிறது. அன்பு இருக்கட்டும், மேல்முறையீடும் இருக்கட்டும்.

அடுத்தது பணம். சர்வர் வாடகை, மென்பொருள், பராமரிப்பு என்று செலவு உண்டு. நன்கொடை கேட்பதில் தவறில்லை. ஆனால் நன்கொடை கொடுத்தவருக்கு வரிசையில் முன்னுரிமை, விலை உயர்ந்த வண்டி, கடைசியில் தண்டனையில் சலுகை என்று போனால் நீதி விலைக்கு வந்துவிடுகிறது. ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ தரப்பு 2022 நவம்பரிலேயே, ரோல்பிளே சர்வர்கள் பணத்துக்கு லூட் பாக்ஸ் என்ற அதிர்ஷ்டப் பெட்டி விற்பதையும், மெய்நிகர் நாணயம் விற்பதையும், கிரிப்டோ சார்ந்த எதையும் சேர்ப்பதையும் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. விளையாட்டுக்குள் உண்மைப் பணத்தைப் பந்தயமாக வைத்தால் சட்டமும் உள்ளே வரும். தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் இருக்கின்றன. சர்வருக்குள் கேசினோ வைப்பதற்கு முன் உரிமையாளர் இவற்றைப் படித்தாக வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாவற்றையும்விட முக்கியம். ஜிடிஏ 5-க்கு ஐரோப்பாவில் 18 வயது, அமெரிக்காவில் 17 வயது என்று தரச்சான்று இருக்கிறது. அந்த வயதை எட்டாத பிள்ளைகளும் மைக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தனி அறைக்கு அழைத்துப் பேசும் வசதி, யாரையும் அவருக்குத் தெரியாமல் கவனிக்கும் வசதி, சேர்வதற்கு முன் வாங்கிய பெயர், வயது, தொலைபேசி விவரம் எல்லாம் அட்மின்களிடம் இருக்கின்றன. 2023-ல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பாலியல் பேச்சோ மிரட்டலோ வந்தால் அதை விளையாட்டு விதிமீறலாக எண்ணி ஒரு தடையோடு முடித்துவிடக் கூடாது. போக்சோ சட்டம் திரைக்குள்ளும் செல்லும். புகார் கொடுப்பதென்றால், 2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ்தான் வருகின்றன. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பண மோசடி என்றால் 1930. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு தமிழ் சர்வரின் விதிப் பக்கத்திலும் முதல் வரியாக இருக்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

ஒரு சர்வர் நேர்மையானதா என்று கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் போதும். பிள்ளைகள் சேரும் முன் இவற்றைக் கேட்கட்டும், பெற்றோரும் கேட்கலாம்.

முதல் கேள்வி: விதிகளும் தண்டனைகளும் எழுத்தில் இருக்கின்றனவா? ஒரே தவறுக்கு ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு நிரந்தரத் தடை என்றால் அங்கே விதி இல்லை, மனநிலைதான் இருக்கிறது.

இரண்டாவது: அட்மின்களின் செயல்கள் பதிவாகின்றனவா, அந்தப் பதிவை வேறு யாராவது பார்க்கிறார்களா? பதிவு செய்யக் கருவி தயாராக இருக்கும்போது அதை அணைத்து வைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

மூன்றாவது: தீர்ப்புச் சொன்னவர் அல்லாத இன்னொருவரிடம் மேல்முறையீடு செய்ய முடியுமா? அட்மினுக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து அவர் விலக வேண்டும் என்று விதி இருக்கிறதா?

நான்காவது: அட்மின்கள் யார், எத்தனை வயது, எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள்? தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு மாணவர் கண்விழித்து டிக்கெட் பார்க்கிறார் என்றால், அந்த சர்வர் தன் நீதிபதியையே சுரண்டுகிறது. சுழற்சி முறையும் ஓய்வும் அட்மினின் உரிமை.

முன்பு சொன்ன நகைக்கடை வழக்கையே இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நல்ல கேம் மாஸ்டர் இரு தரப்பின் வீடியோவையும் கேட்டு வாங்குவார். வளைவில் இடித்தது துரத்தலின் போக்கில் நேர்ந்ததா, வேண்டுமென்று செய்ததா என்று பார்ப்பார். செத்தவர் திரும்பி வந்து சுட்டது என்எல்ஆர் மீறல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் முறை என்றால் எச்சரிக்கை போதுமா என்று விதிப் பக்கத்தைப் புரட்டுவார். காரணத்தை எழுதி வைப்பார். ஒருவர் தன் நண்பர் என்றால் வழக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். இருபது வயதில் ஒருவர் இதைப் பழகிக்கொண்டால், நாளை ஒரு தொழிற்சாலையின் குறைதீர்ப்புக் கூட்டத்திலோ, குடியிருப்போர் சங்கத்திலோ, நீதிமன்றத்திலோ அவர் உட்காரும்போது அந்த இடம் மேன்மை பெறும்.

'எப்பப் பார்த்தாலும் கேம்' என்று திட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. பிள்ளை ஆடுகிறான் என்றால் எந்த சர்வரில், யார் ஆட்சியில் என்று கேளுங்கள். பிள்ளையே அட்மின் என்றால், அவன் கடைசியாகக் கொடுத்த தீர்ப்பு என்ன, ஏன் அப்படிக் கொடுத்தான் என்று உட்கார்ந்து கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த கேம் மாஸ்டரிடம் அதிகாரம் இருப்பது நல்லது. காரணம் சொல்ல மறுப்பவரின் சர்வரைவிட்டு வெளியேறும் உரிமை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.